விடிகாலை அளவும் 1927ஆம் ஆண்டுச் சோதனையும்: கீட்டோ உணவில் வீட்டுக் குளுக்கோசு அளவீடுகளை வாசித்தல்

கீட்டோ உணவுக்கு மாறியவர்களில் சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய குளுக்கோசு நன்றாக இறங்கியிருக்கும். விடிகாலை வெறும்வயிற்று அளவு மட்டும் இறங்காது. சில வேளை முன்னிருந்ததைவிடச் சற்று ஏறியும் நிற்கும். கொழுப்பு உணவு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதற்கு இதையே அடையாளமாகக் காட்டும் ஒரு மரபு ஆய்வெழுத்தில் நெடுநாளாக உண்டு. அதற்கு நேரெதிராக, அந்த ஏற்றம் முழுவதையும் ‘உடலின் தகவமைவு’ என்று சொல்லிக் கடந்துபோகும் தரப்பும் அண்மைக் காலத்தில் தழைத்திருக்கிறது. இரு தரப்பும் சுற்றிவந்து சேருமிடம் ஒரே பழைய சோதனைதான். அதை இரண்டுமே பாதியளவில்தான் வாசித்திருக்கின்றன என்பது என் வாதம். முழுமையாக வாசித்தால், வத்தேகமவில் ஒரு வீட்டு மேசைமேல் இருக்கும் குளுக்கோமீற்றர் காலை 6 மணிக்குக் காட்டும் எண்ணுக்கு நாம் கொடுத்துவரும் தலைமையிடம் நிலைக்காது.

ஊரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கண்டியிலிருந்து மாத்தளை போகும் ரயில் பாதையில் உள்ள இந்தச் சிறுநகரில் மூன்று வேளைச் சாப்பாடும் மாச்சத்தைச் சுற்றியே அமைகிறது: சோறு, பாண், இடியப்பம், பருவத்தில் பலாக்காய், ஈரப்பலா. மேலே பன்வில, மடுல்கெலைப் பக்கத் தோட்டங்களில் கோதுமைமா ரொட்டி இல்லாமல் கொழுந்தெடுக்கப் போகும் நாள் இல்லை. நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைந்த காபோவைதரேற்று என்ற கீட்டோ வரம்பு அங்கே பேச்சுக்கும் எடுபடாது. முட்டைக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் செலவழிக்க முடிந்தவரின் உணவு அது. ஆனால் அப்படிச் சாப்பிடும் சிலரும், ஊர் முழுவதும் சோறு சாப்பிடும் பலரும், ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே அட்டவணையால் அளக்கப்படுகிறார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். ஜே. சேர்லி சுவீனி 1927இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள மருத்துவ மாணவர்கள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மாச்சத்தும் இனிப்பும், இன்னொன்றுக்குப் புரதம், மூன்றாவதற்கு ஒலிவ் எண்ணெய், வெண்ணெய், முட்டை மஞ்சட்கருவில் செய்த மயோனெய்ஸ், பாலாடை என்று கொழுப்பு. நான்காம் பிரிவுக்குப் பட்டினி. இரண்டு நாள் இப்படிப் போனபின் எல்லோருக்கும் குளுக்கோசுக் கரைசல் கொடுத்துக் குருதி பார்க்கப்பட்டது. மாச்சத்து உண்டவர்கள் அந்தச் சுமையை எளிதில் சமாளித்தனர். கொழுப்பு உண்டவர்களின் குருதிச்சீனி, நீரிழிவு நோயாளியுடையதுபோல் உயர்ந்து, இறங்கத் தாமதித்தது.

முதல் மரபு மேற்கோள் காட்டுவது இந்தக் கடைசி முடிவை மட்டுமே. இரண்டே நாள் கொழுப்பு ஓர் இளைஞனை நீரிழிவின் வாசலில் நிறுத்திவிட்டது என்கிறது. பட்டினிப் பிரிவு அந்த மேற்கோளில் காணாமல்போகிறது. பட்டினி கிடந்தவர்களின் தாங்குதிறனும் வெளிப்படையாகக் குறைந்திருந்தது. அவர்கள் ஒரு கரண்டி வெண்ணெய்கூடத் தொடவில்லை. ஒரு பிரிவு கொழுப்பை நிறையத் தின்றது. மற்றது எதையுமே தின்னவில்லை. விளைவு ஒரே திசையில் போனது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மாச்சத்தின் இன்மை. தட்டிலிருந்த கொழுப்பின்மேல் பழியைப் போட இந்தச் சோதனை இடம் தரவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்க முடியாது. பட்டினியில் உடல் தன் சொந்தக் கொழுப்பை எரிக்கிறது. ஆகவே இரு பிரிவினரின் குருதியிலும் கொழுப்பமிலம் மிகுந்திருக்கும். வாயால் வந்தாலென்ன, உடலிலிருந்து வந்தாலென்ன, குற்றவாளி கொழுப்புத்தானே என்று கேட்கலாம். 1963இல் ராண்டலும் அவருடைய சகாக்களும் முன்வைத்த குளுக்கோசு–கொழுப்பமிலச் சுழற்சி இந்தக் கேள்விக்கு உயிர்வேதியியல் அடித்தளம் தருகிறது: கொழுப்பமிலத்தை எரிக்கும் தசை குளுக்கோசை உள்ளெடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இதை ஏற்கிறேன். ஆனால் இது தசை எந்த எரிபொருளைத் தெரிவுசெய்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, தசை பழுதாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஹிம்ஸ்வொர்த் 1930களில் நலமுள்ள ஆண்களிடம் செய்த ஆய்வுகளில், உணவில் காபோவைதரேற்று கூடக்கூட குளுக்கோசுத் தாங்குதிறனும் இன்சுலின் உணர்திறனும் மேம்பட்டன. மாச்சத்தைக் கொடுத்ததும் மீளும் ஒரு நிலையை நோய் என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அதற்காக இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்ந்துவிட முடியாது. சுவீனியின் மாணவர்கள் இளைஞர்கள், நோயற்றவர்கள், அந்த உணவில் இரண்டே நாள் இருந்தவர்கள். பத்து வருடமாகச் சீனி வருத்தத்தோடு வாழும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த இரண்டு நாளைப் பொருத்தி, “இது தகவமைவு, பயப்படாதீர்கள்” என்று ஆறுதல் சொல்வது ஆய்வாகாது. இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. சுவீனி அளந்தது குளுக்கோசுச் சுமைக்குப் பிந்திய நிலையை. கீட்டோ உண்பவர் அத்தகைய சுமையை நாள் முழுவதும் சந்திப்பதில்லை. வெறும்வயிற்று அளவைப் பற்றி அந்தச் சோதனையிலிருந்து இரு தரப்பும் எடுத்துக்கொள்ளும் துணிவு, அது கொடுக்காத துணிவு.

சோதனை உறுதியாகத் தருவது வேறு பாடம். அது நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துவது. வாய்வழிக் குளுக்கோசுத் தாங்குதிறன் பரிசோதனைக்குமுன் மூன்று நாளாவது, நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாத காபோவைதரேற்று உண்டிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் உள்ளது. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் இருப்பதால், கண்டிப் பக்கத்துச் சாதாரண வீட்டில் இந்த நிபந்தனை யாரும் சொல்லாமலே நிறைவேறிவிடுகிறது. இலங்கையில் 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டது. சோறுண்ணும் சனத்தொகையில் எடுத்த அந்த எண்ணுக்கு இதனால் சேதமில்லை. ஆனால் சொல்லத் தேவைப்படாத நிபந்தனை மெல்ல மறக்கப்படும். இங்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மூன்று மாதமாகச் சோறு தொடாத ஒருவர் அந்தக் கரைசலைக் குடித்தால், சுவீனியின் மூன்றாம் பிரிவு மாணவனாகவே எழுந்து வருவார். அவருடைய கிளினிக் கொப்பியில் ‘நீரிழிவு’ என்று ஏறிவிட்டால் அதை இறக்குவது லேசல்ல.

விடிகாலை அளவுக்கு வருகிறேன். இரவு முழுவதும் ஒன்றும் உண்ணாத உடலில் குருதிக்குக் குளுக்கோசைத் தருவது ஈரல். விடியும் தறுவாயில் கோட்டிசோலும் வளர்ச்சி ஓமோனும் ஈரலை அதற்குத் தூண்டுகின்றன. தசை கொழுப்பையும் கீட்டோனையும் எரித்துக்கொண்டிருப்பதால் அந்தக் குளுக்கோசு உடனே செலவாவதில்லை. கீட்டோவில் காலை அளவே நாளின் உச்ச அளவாக அமைவதற்கு இது போதிய விளக்கம் என்று எண்ணுகிறேன். இங்கே வரம்புகளின் குழப்பமும் சேர்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல் வெறும்வயிற்று இயல்பின் மேல் வரம்பை டெசிலீற்றருக்கு 110இலிருந்து 100 மில்லிகிராமுக்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110இலேயே நின்றது. 104 காட்டும் ஒருவர் ஓர் அட்டவணையில் நீரிழிவின் முன்நிலையில் இருக்கிறார், மற்றதில் சுகமாக இருக்கிறார். இரண்டு வரம்பும் கலப்புணவு உண்பவர்களை வைத்து எழுந்தவை.

கருவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வெழுத்து இதில் வியக்கத்தக்க அளவு மௌனம் காக்கிறது. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நூறு அளவீடுகளில் 95, குளுக்கோசு 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராமுக்குள்ளும், அதற்கு மேலே 15 சதவீதத்துக்குள்ளும் சரியாக இருந்தால் போதும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கொப்பிப் பக்கத்தை வைத்துக்கொள்வோம்: காலை 6 மணிக்கு 112, பகல் சாப்பாட்டுக்கு முன் 94, இராச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்தின் பின் 99. மூன்று நேரமும் குருதியில் சரியாக 102 இருந்திருந்தாலும் தரநிலைக்குள் நிற்கும் கருவி இந்த மூன்று எண்ணையும் காட்டலாம். சோறு உண்பவரின் சீனி 110க்கும் 200க்கும் இடையே ஏறி இறங்கும்போது இந்தப் பிழை அடிபட்டுப் போகும். கீட்டோவில் நாள் முழுவதற்குமான ஏற்ற இறக்கமே பிழையின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. உணவு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறதோ, வீட்டுக் கருவியின் தனி எண் அவ்வளவுக்குப் பயனற்றுப்போகிறது. தினமும் மூன்று நான்கு புள்ளி ஏறியதற்குக் காரணம் தேடி நேற்றைய தேங்காய்ப்பாலைக் குறைகூறுவது வீண் வேலை. இரண்டு மூன்று வாரச் சராசரிக்கு மட்டும் மதிப்புண்டு.

சராசரியாலும் தீராத பிழைகள் உண்டு. குருதிச்சோகை உள்ளவருக்குச் செங்குருதிக் கலங்களின் பங்கு குறைவதால் பல கருவிகள் கூடுதலாகவே காட்டும், அதுவும் ஒவ்வொரு நாளும். வத்தேகமவின் மழைக்கால ஈரத்தில் மூடி திறந்தபடி கிடக்கும் ஸ்ட்ரிப் டப்பாவை நம்பக்கூடாது. பழம் உரித்த விரலை அல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினால் எண் பொய்யாக ஏறும். தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடித்துவிட்டு ‘வெறும்வயிறு’ என்று குறித்துக்கொள்பவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை.

தோலில் ஒட்டும் தொடர் கண்காணிப்புக் கருவி வந்துவிட்டதே, இந்த விவாதம் எதற்கு என்பவர்களுக்கு அதன் விலையே பதில். கடந்த சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குருதிப் பரிசோதனையையும் சிலர் ஐயுறுகிறார்கள். கீட்டோ உண்பவரின் செங்குருதிக் கலங்கள் நீண்டநாள் வாழ்வதால் அது பொய்யாக உயர்கிறது என்ற வாதம் இன்னும் ஊகம்தான். அதை வைத்து ஒரு பரிசோதனையைக் கைவிட முடியாது.

என் வாசிப்புக்கு எல்லை உண்டு. வெறும்வயிற்று அளவு ஆய்வுகூடத்திலும் திரும்பத் திரும்ப நீரிழிவின் வரம்பான 126ஐத் தொட்டால், அதைத் தகவமைவு என்று சொல்ல நான் தயாரில்லை. கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மாச்சத்தைத் திடீரென நிறுத்தினால், அஞ்ச வேண்டியது காலை 112 அல்ல, சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது. எம்பகிளிஃபுளோசின், டபகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. குளுக்கோசு பெரிதாக ஏறாமலே கீட்டோன் நச்சுநிலை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. வாந்தி, மூச்சிரைப்பு, வயிற்றுவலியோடு இருப்பவருக்குக் குளுக்கோமீற்றர் 140 காட்டுவது ஆறுதலுக்குரிய செய்தியல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆகவே இரண்டு காரியங்களை வேண்டுகிறேன். குளுக்கோசுக் கரைசல் கொடுக்கும் ஆய்வுகூடம், கடந்த மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அறிக்கையிலேயே எழுத வேண்டும். மூன்று நாள் சோற்றுக்குத் திரும்ப விரும்பாத கீட்டோக்காரர் அந்தப் பரிசோதனைக்கே போகக்கூடாது. ஹீமோகுளோபின் அளவோடு சேர்த்துப் பார்த்த எச்பிஏ1சியும், ஒரே காலையில் ஆய்வுகூடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த வீட்டுக் கருவியின் மூன்று வாரச் சராசரியும் அவருக்குப் போதும்.