பால்மரம் வந்திறங்கிய பூமலையில் அன்னையர் தின இலவச இசை

மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி, சிங்கப்பூர் பூமலையில் சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துவது பல ஆண்டு வழக்கம். நுழைவுச்சீட்டு கிடையாது, இருக்கை எண் கிடையாது. புல்தரையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் நம் இடம். ஏரியின் நடுவே ஒரு மேடை, எதிரே சரிவான புல்வெளி, இருபுறமும் பனை இனத்து மரங்கள். சீன, மலாய், ஐரோப்பியக் குடும்பங்கள் மூன்று தலைமுறையோடு வந்து உட்கார்ந்திருக்கும். நம் குடும்பங்கள் ஆங்காங்கே ஒன்றிரண்டுதான் கண்ணில் படும்.

காரணம் கேட்டால், "அது வெள்ளைக்காரன் பாட்டு, நமக்கு என்ன புரியும்" என்பார்கள். பாட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளி இருக்கும் தோட்டத்துக்கும், மலாயாவில் காலையில் பெரட்டுக்கு நின்ற நம் தாத்தா பாட்டிகளுக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது.

22 கன்றுகள்

பூமலை 1859ஆம் ஆண்டு, ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் முயற்சியில் உருவானது. சந்தா கட்டும் உறுப்பினர்கள் உலாவுவதற்கான அழகுத் தோட்டமாகத்தான் அது தொடங்கியது. பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 22 இங்கே வந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கில் உள்ள கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் நகரில் நிற்கிறது. பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள்.

கன்று வந்ததால் மட்டும் தோட்டம் வந்துவிடவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. துரைமார்களுக்கு அப்போது காப்பிதான் பணப்பயிர். 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தான் ரப்பரை விடாமல் பிடித்துக்கொண்டார். கோடரியால் கொத்தினால் மரம் கெட்டுவிடும், பட்டையை மெல்லியதாகச் சீவினால் அதே மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் தரும் என்று இந்தத் தோட்டத்து மரங்களில் செய்து காட்டினார். வெட்டிய இடத்துக்கு ஒட்டியே மறுநாளும் ஒரு சீவு. நம் பெரியவர்கள் காண்டா விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து, வாழ்நாளெல்லாம் போட்ட வெட்டின் கணக்கு அங்கேதான் பிறந்தது.

பார்க்கும் தோட்டக்காரர்களின் சட்டைப் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணிப்பாராம் ரிட்லி. அதனால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர். மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் 1896இல் துணிந்து நட்டார். பிறகு மோட்டார் வாகனங்களும் டயர்களும் வந்தன, விலை ஏறியது, காடு அழிந்து தோட்டமானது. 1917ஆம் ஆண்டுக்குள் பூமலையிலிருந்து 70 லட்சத்துக்கும் அதிகமான விதைகள் வெளியே போயிருந்தன. பின்னாலேயே நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்தார்கள். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு அதற்கு முன்பே தமிழர்கள் வந்ததுண்டு. ஆனால் லயம், கங்காணி, கிராணி, கோயில், கள்ளுக்கடை என்று நமக்குத் தெரிந்த தோட்ட வாழ்க்கையைப் பெருக்கியது பால்மரம்தான்.

இந்தக் கதையை விளக்கும் சிறு அருங்காட்சியகம் பூமலைக்குள்ளேயே ஹோல்ட்டம் மண்டபத்தில் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. மாலைக்கு முன்பே அடைத்துவிடுவார்கள் என்பதால், பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் மதியமே போய்ச் சேருங்கள்.

யாருக்காக வாசித்தார்கள்?

பூமலையில் இசை புதிதல்ல. 1860களில் ஒரு மேட்டைச் சமப்படுத்தி, அங்கே ராணுவ இசைக்குழுக்கள் வாசித்தன. இன்று அந்த மேட்டில் காணும் எண்கோண மண்டபம் 1930இல் கட்டப்பட்டது. இப்போது அங்கே யாரும் வாசிப்பதில்லை. கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய மாலைகள் காலனித்துவச் சீமான்களின் பொழுதுபோக்கு. கூலிக்காரக் குடும்பம் பாய் விரித்து உட்கார்வதை அன்று யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அது மாறியதை ஒரு நாளோடு சேர்த்துச் சொல்ல முடியும். 1959 ஆகஸ்ட் 2. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று இரண்டே மாதம். பூமலையில் 'அனேகா ராகம் ராயாட்' என்ற மக்கள் கலைநிகழ்ச்சி நடந்தது. பிரதமர் லீ குவான் இயூ தொடங்கி வைத்தார். சீன, மலாய், இந்திய, மேற்கத்திய நிகழ்ச்சிகள் ஒரே மேடையில், ஒரே மாலையில் ஏறின. ஓர் இனத்தின் ஆட்டத்தை மற்ற இனத்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நடத்தியது கலாசார அமைச்சு. அமைச்சர் சி. ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்து, சிரம்பானில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பின்னாளில் சிங்கப்பூரின் தேசியப் பற்றுறுதியை எழுதியவரும் அவர்தான். ரப்பர் விதை புறப்பட்ட தோட்டத்திலேயே, ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அமைச்சராகி எல்லாருக்குமாக மேடை போட்டார். இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

இப்போதுள்ள ஏரி மேடை 1995இல் வந்தது. ஷா அறநிறுவனத்தின் பெயர் தாங்கியது. எதிரே 2008இல் வைத்த ஷோப்பேன் சிலையும் இருக்கிறது. அவர் போலந்து நாட்டு இசையமைப்பாளர். 2015 ஜூலையில் பூமலை யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூருக்கு அதுவே முதல்.

பாட்டு புரியுமா?

சிம்பொனி இசைக்குழு 1979 ஜனவரியில் தன் முதல் நிகழ்ச்சியைப் படைத்தது. எஸ்பிளனேடு அரங்கில் அவர்கள் வாசிக்கும்போது இருமக்கூட யோசிக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பொதுவாக அனுமதிப்பதும் இல்லை. பூமலையில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நடக்கலாம், நடுவில் எழுந்து போகலாம், தவறான இடத்தில் கைதட்டினாலும் யாரும் திரும்பி முறைப்பதில்லை. நீண்ட சிம்பொனிகளைவிட, காதுக்குப் பழகிய சிறு துண்டுகளுக்கும் திரைப்பட இசைக்கும்தான் அங்கே முன்னுரிமை.

இளையராஜா பாடல்களின் இடையிசையை உருகி உருகிக் கேட்டு வளர்ந்த நமக்கு, வயலின்கள் கூட்டமாக ஒலிப்பது அந்நியமான சத்தமே அல்ல. அவர் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது எத்தனை பேர் பெருமைப்பட்டோம்! அதே வகைக் குழுவை நேரில், காசில்லாமல் கேட்கும் வாய்ப்பு இது. பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: வயலின்காரர்கள் அத்தனை பேரின் வில்லும் ஒரே பக்கமாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்கட்டும். அதிலேயே கொஞ்ச நேரம் ஓடிவிடும்.

போகிறவர்கள் கவனிக்க

மே மாதம் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது சாதாரணம். திறந்தவெளி என்பதால் வானிலை மோசமானால் நிகழ்ச்சி பாதிக்கப்படும். கிளம்பும் முன் இசைக்குழுவின் இணையப்பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள்.

பாய், மழையங்கி, கொசு மருந்து, தண்ணீர் அவசியம். புளிச்சோறோ கறிபாப்போ கட்டிக்கொண்டு போகலாம், குப்பையைத் திரும்ப எடுத்து வந்தால் போதும். வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி வேண்டும் என்றால் ஓரமாகப் போடுங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மறைக்கும். சீக்கிரம் போனால்தான் ஏரிக்கு அருகில் இடம்.

பூமலை என்ற பெயரில் எம்ஆர்டி நிலையம் இருந்தாலும், அது தோட்டத்தின் புக்கிட் தீமா பக்கம். அங்கிருந்து மேடைக்கு நல்ல நடை. நேப்பியர் நிலையத்தில் இறங்கினால் டாங்ளின் வாயில் வழியாக, அன்னப்பறவை ஏரி, பழைய இசை மண்டபம் எல்லாம் பார்த்தபடி போகலாம். அதுவும் நடைதான், ஆனால் கதையோடு கூடிய நடை. கால்வலி உள்ள அம்மாக்களை டாக்சியில் நசிம் வாயிலில் இறக்கிவிடுவது நல்லது.

ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் உட்லண்ட்சில் பழுப்பு நிற வழித்தட ரயிலைப் பிடித்தால் மாறாமல் நேப்பியருக்கே வரலாம். ஞாயிறு இரவு கடற்பாலத்தில் பெருங்கூட்டம் சிங்கப்பூருக்குள் வரும் பக்கத்தில்தான் இருக்கும், வீடு திரும்புகிற உங்கள் பக்கம் அவ்வளவு இராது. பூமலையின் கதவுகளும் நள்ளிரவு வரை திறந்திருக்கும். இசை முடிந்ததும் அவசரப்படாமல், அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக நடந்தே வெளியே வரலாம்.