நைட்ரஸுக்கு முன்னால் பெட்ரோல்

ட்ராக் நாளுக்கு முன்பு நைட்ரஸ் பொருத்திய கார் எங்கள் கோவைப் பட்டறைக்கு வந்தால், பாட்டில் வால்வில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். முதல் சோதனை பெட்ரோலுக்குத்தான். காரணம் அந்த வாயுவின் பழைய கதையிலேயே இருக்கிறது.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. அதை 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தார். 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்து அதன் மயக்கத்தை எழுதிவைத்தார். எஞ்சினுக்குள் உள்ள கடும் வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சூட்சுமம் அவ்வளவுதான். அந்தப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்றால் பிஸ்டன் தலை உருகிவிடும்.

எஞ்சினில் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப்படை. உயரத்தில் காற்று மெலிந்து மெஸ்ஸர்ஷ்மிட் 109, யுங்கர்ஸ் 88 விமானங்கள் திணறிய இடத்தில், ஜிஎம்-1 என்ற ஏற்பாட்டால் எஞ்சினுக்குள் நைட்ரஸைப் பீய்ச்சினார்கள். மைனஸ் 88 டிகிரியில் குளிர்ந்த திரவமாகவும் அதைத் தொட்டியில் ஏற்றிச் சென்றார்கள். தரைக்கு அருகில் அதற்கு வேலையே இல்லை. எப்போது திறக்கலாம், எப்போது கூடாது என்ற கேள்வி அன்றே கூடப் பிறந்தது.

அமெரிக்கப் பந்தயங்களில் அதை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. 1976 டேடோனா 500 தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் இருவரின் நேரங்களும் நைட்ரஸ் விவகாரத்தில் ரத்தாயின. 1978-இல் கலிபோர்னியாவில் என்ஓஎஸ் நிறுவனம் தொடங்கி, இதைக் கடையில் வாங்கும் கிட்டாகப் பரவச் செய்தது. ஒளித்து வைக்கிற பொருளுக்கு யாரும் கையேடு எழுதமாட்டார்கள். கிட்டோடுதான் ஜெட் (அளவான துளையுள்ள சிறு முனை) அட்டவணை வந்தது: இந்த நைட்ரஸ் ஜெட்டுக்கு இந்தப் பெட்ரோல் ஜெட், இன்ன அழுத்தத்தில். இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது அந்தத் தாளைத்தான். 2001-இல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படம் நைட்ரஸைத் திறக்கும் பொத்தானை உலகத்துக்கே காட்டியது. பையன்கள் அட்டவணையைக் கேட்டு வருவதில்லை, பொத்தானைக் கேட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அந்த அட்டவணைத் தாள் சொல்வதை இப்படிச் சரிபார்க்கிறேன். பாட்டில் மூடியிருக்கும், லைனில் வாயு இருக்காது, எஞ்சின் ஓடாது, பக்கத்தில் தீயணைப்பான். நாசிலில் இருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றி, முனையில் ஜெட்டோடு அளவு குறித்த கேனுக்குள் விடுவேன். பம்ப்பை ஓட்டி, சோலனாய்டு வால்வைத் திறந்து, பெட்ரோல் பாயும்போது கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்ப்பேன். பாயாமல் நிற்கும்போது காட்டும் அழுத்தத்தை நம்பவே கூடாது. திறந்ததும் முள் சரிந்தால் பம்ப் போதவில்லை. பொத்தானை விட்டதும் சொட்டு நிற்க வேண்டும்.

பிறகு த்ராட்டில் சுவிட்ச். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டுமே அது இணைய வேண்டும். ஐடிலிங்கில் நைட்ரஸ் திறந்தால் மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கலாம். அதன் பிறகே டைனோ என்ற திறன் அளக்கும் மேடை: மிகச் சிறிய ஜெட், 50 குதிரைத்திறனுக்குச் சுமார் 2 டிகிரி பின்தள்ளிய இக்னிஷன். ஒரு ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் புள்ளி தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம்; வேலை அங்கேயே நிற்கும்.

குளிர் நாட்டுக்காரர்கள் பாட்டிலுக்கு ஹீட்டர் கட்டுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் ஏப்ரல் வெயிலில் நமக்கு வேண்டியது நிழல். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டும், அட்டவணைக் கணக்கு செல்லாது. அதனால் கேஜ் 950-க்குக் கீழே இறங்கும்வரை பாட்டிலுக்கு ஈரச்சாக்கு போர்த்தச் சொல்கிறேன். பாட்டிலின் பாதுகாப்புத் தகடு உடைந்தால் வாயு போகும் குழாய் காருக்கு வெளியே திறக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.