பட்டாளத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கு

சரித்திரம் என்றால் அரசர்களின் பெயரும் யுத்தங்களின் ஆண்டும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். யுத்தம் முடிந்த மறுநாட் காலையிலே சிப்பாயின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கும் சரித்திரம் எம்மிடம் குறைவு. வாளேந்தியவனைப் பாடினோம், வாளைக் கீழே வைத்தவன் எங்கே போனான், என்ன உண்டான் என்று விசாரித்தோமில்லை. அப்படி விசாரிக்கப் புகுந்தால், அந்த வழி நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கே வந்து சேருகின்றது. ஆதலின் இம்மலரில் அக்கதையைச் சொல்ல முற்படுகின்றோம்.

பண்டைய அரசுகள் இக்கேள்வியை ஒருவாறு அறிந்திருந்தன. போரில் மடிந்த வீரனின் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் நிலம் விடப்பட்டது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் அதனைச் சாசனங்கள் கூறும். கண்டி இராச்சியத்திலோ படைச்சேவையும் நிலமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. இராஜகாரிய முறைப்படி நிலத்தை அனுபவித்தவன் அழைத்தபோது ஆயுதம் எடுத்தான். சேவை முடிந்ததும் தன் வயலுக்கே திரும்பினான். அவனுக்குப் போர் ஒரு கடமை. பிழைப்பு வயலில் இருந்தது. 1832ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இராஜகாரியத்தை ஒழித்தனர். அதற்கு முன்னரே அவர்கள் கொண்டுவந்த படைமுறை முற்றிலும் வேறானது. அங்கே சிப்பாய்க்கு நிலமில்லை, சம்பளமே உண்டு. சம்பளம் நின்ற நாளில் அவன் கையில் இருப்பது பயிற்சி மட்டுமே.

அத்தகைய சிப்பாய்களிற் பெரும்பாலோர் மலாயர். சாவகம் என்ற பெயர் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காலந்தொட்டே நாம் அறிந்த நாடு அது. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட நாட்களில் சாவகத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் போர்வீரர்களைக் கொண்டுவந்தனர். 1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரை வென்றபோது அவ்வீரர் புதிய எசமானரின் படையிற் சேர்ந்தனர். அவர்களுடைய விசுவாசம் எத்தகையது என்பதற்கு 1803ஆம் ஆண்டே சாட்சி. கண்டியிலிருந்த ஆங்கிலப் படை சரணடைந்த வேளையில், மலாயத் தலைவரான கப்டன் நூருத்தீனைத் தன் சேவையில் அமருமாறு ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கேட்டான். உண்ட உப்பை எண்ணிய நூருத்தீன் அதனை மறுத்து உயிர் துறந்தார்.

1827ஆம் ஆண்டில் இலங்கைப் படைப்பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டு 'இலங்கை றைபிள் படை' என்னும் பெயர் பெற்றன. அதன் முதுகெலும்பு மலாயரே. 1848இல் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஏவப்பட்டோரும், கடல் கடந்து ஹொங்கொங்கில் காவல் நின்றோரும் இவர்களே. இப்படையினர் குடும்பத்தோடு பட்டாள வாசம் செய்தனர். தந்தை சிப்பாய், மகன் பட்டாளப் பள்ளியில் எழுத்துப் படித்துத் தானும் சிப்பாய் ஆவான். கொழும்புக் கொம்பனித் தெருவில் றைபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் அந்த வாழ்வின் அடையாளமாய் நிற்கின்றன. ஆகவே இப்பட்டாளம் கலைந்தால் ஒருவனுடைய சம்பளம் மாத்திரமன்று, அவன் மனைவியின் குடிலும் மகனின் எதிர்காலமும் ஒருங்கே போய்விடும்.

இனி, அதே படையிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்ததை நோக்குவோம்.

மேலே இருந்தோரின் வழி விசாலமானது. வாட்டர்லூப் போரிற் பங்குபற்றிய சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் இலங்கைத் தேசாதிபதியாக வந்து, 1825இல் கண்ணொறுவையில் தமக்கெனக் கோப்பித் தோட்டம் திறந்தார். அவரை அடியொற்றிப் படை உத்தியோகத்தரும் அரசாங்க உத்தியோகத்தரும் மலைக்காடுகளை வாங்கலாயினர். 1844ஆம் ஆண்டு வரை ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங்குக்குக் கிடைத்தது. அதன் பின்னரே ஒரு பவுணாக உயர்ந்தது. பட்டாளத்து உடுப்பைக் கழற்றாமலே துரையாக மாறியவரும் இருந்தனர். 1819இல் சிறுவனாகவே படையிற் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர், வாளைவிட மண்வெட்டியாற் பெரும் புகழ் பெற்றார். கண்டி வீதி தொடங்கி மலைநாட்டு வீதிகள் பலவற்றை அமைத்துப் பகிரங்க வேலைப் பகுதியின் தலைமையை வகித்து 1867இல் இளைப்பாறினார். படையிலிருந்து குடிவாழ்வுக்குச் செல்ல அவருக்கு அகலமான கல் வீதியே இருந்தது. அதனை அமைத்தவரும் அவரே.

கீழே நின்ற சிப்பாய்க்கு அந்த வீதி இல்லை. ஐந்து ஷில்லிங் நிலமும் அவனுக்கு எட்டாக் கனியே.

காலம் மாறியது. மலைநாட்டில் கோப்பி செழிக்கவே தோட்டங்களிற் சம்பளம் கூடிற்று. சிப்பாய்ச் சம்பளம் அதற்கு ஈடாகவில்லை. மலாய இளைஞர் பட்டாளத்திற் சேரத் தயங்கினர். ஆட்பஞ்சத்தைத் தீர்க்க 1856ஆம், 1857ஆம் ஆண்டுகளில் கப்டன் டிராஞ்செல் என்பவர் கீழைத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். பல துறைமுகங்களை நாடிச் சென்றும் அவர் சேர்த்துவந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பட்டாளம் மகனைக் கைவிடுமுன்னரே மகன் பட்டாளத்தைக் கைவிடத் தொடங்கிவிட்டான். இலங்கையிற் போரும் இல்லை, செலவோ அதிகம். 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் சீமையிலிருந்து படை வரும் தூரமும் குறைந்தது. ஈற்றில் 1873ஆம் ஆண்டில் இலங்கை றைபிள் படை கலைக்கப்பட்டது.

நீண்டகாலம் சேவை செய்தோருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் இருந்தது. நடுவயதினனும் இளைஞனும் என்செய்வர்? துவக்குப் பிடிக்கவும், அணியில் நிற்கவும், இரவு முழுதும் கண்விழித்துக் காவல் காக்கவும் அறிந்த மனிதனுக்கு அக்கால இலங்கையில் என்ன வேலை கிடைக்கும்?

முதலில் திறந்த கதவு பொலிஸ். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மலாயர் அச்சேவையில் இரத்தம் சிந்தியிருந்தனர். 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் தேதி, உதுவன்கந்தைச் சரதியலைப் பிடிக்கச் சென்று உயிர் நீத்த கொஸ்தாப்பல் துவான் சபான் ஒரு மலாயரே. கடமையில் உயிர்விட்ட முதற் பொலிஸ்காரர் என அவர் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றார். 1866இல் தலைமையேற்ற காம்பெல் காலத்தில் பொலிஸ் சேவை சீரமைக்கப்பட்டு விரிந்தது. படையை விட்ட மலாயர் பலர் அதிற் சேர்ந்தனர். சிறைச்சாலைக் காவலும் தீயணைப்பு வேலையும் மற்றும் சிலருக்கு வாழ்வளித்தன.

இரண்டாவது கதவு தோட்டம். பட்டாளம் கலைந்த அதே 1873ஆம் ஆண்டிலேதான் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் முதன்முதலாக இலண்டனுக்குச் சென்றது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை தழைக்கத் தொடங்கியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானு ஓயாவையும் அடைந்தது. பாதை ஏற ஏறத் தோட்டங்களும் ஏறின. ஓராயிரம் கைகளை வேலைக்கு நிறுத்தவும், பெயர் பதியவும், பண்டசாலையைக் காக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

மலாயர் அதற்குப் பொருத்தமாக அமைந்தனர். கண்டி, பதுளை முதலிய இடங்களிற் காவல் நின்ற அவர்களுக்கு மலைக்குளிர் பழக்கமானது. படைத் தலைவரோடு பழகி ஆங்கிலம் ஓரளவு அறிந்திருந்தனர். எல்லாவற்றிலும் முக்கியமாக, அவர்களுக்குத் தமிழ் தெரியும். சிப்பாய்த் தோழரோடும் தமிழ் பேசும் முஸ்லிம்களோடும் கூடி வாழ்ந்ததால் வந்த பேறு அது. துரையின் ஆங்கிலத்துக்கும் தொழிலாளியின் தமிழுக்கும் இடையே நிற்கத்தக்கவராக அவர்கள் இருந்தனர். இவ்வாறு கண்டக்டராகவும் கணக்கப்பிள்ளையாகவும், பண்டசாலை, தொழிற்சாலைக் காவலராகவும் பல மலாயக் குடும்பங்கள் தோட்டப் பகுதிகளிற் குடியேறின.

மனிதர் மாத்திரம் வரவில்லை. பட்டாளத்துப் பழக்கமும் சொல்லும் தோட்டத்தில் ஏற்கெனவே குடிபுகுந்திருந்தன. விடியற்காலையிற் பெயர் கொடுக்க நாம் கூடும் இடத்தைப் பெரட்டுக் களம் என்கின்றோமே, அப்பெரட்டு பட்டாளத்துப் பரேட்டின் திரிபென்பர். நமது பெற்றோர் பிறந்த லயம், சிப்பாய்களை வரிசையாகக் குடியிருத்திய லைன் என்னும் சொல்லின் வழியே வந்தது. மஸ்டரும் படையினரை எண்ணும் சொல்லே. காட்டை அழித்துத் தோட்டம் அமைத்தோர் கண்முன் மாதிரியாக நின்றது பட்டாளமே. ஆகவே றைபிள் படையின் சிப்பாய் தோட்டத்துக்கு வந்தபோது, வேறோர் உலகுக்கு வந்ததாக உணர்ந்திருக்கமாட்டான். களமும் அதே களம். வரிசையும் அதே வரிசை. முன்பு அணியில் நின்றவன், இப்போது அணியின் முன்னே நின்றான். அவ்வளவே வேறுபாடு.

அவ்வளவே என்று கூறிவிட்டோம். எதிரே அணியில் நின்றவர்களுக்கு அது சிறிய வேறுபாடன்று. அவர்கள் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்னும் ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த நமது முன்னோர். அவர்கள் சிப்பாய்கள் அல்லர். ஆனால் சிப்பாய்க்குரிய கட்டுப்பாடு அவர்கள்மேல் விழுந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனவனைச் சிறையிலிடலாம். சிப்பாயாவது சத்தியம் செய்து கொடுத்துப் பட்டாளத்திற் சேர்ந்தான். தொழிலாளி எதற்குச் சத்தியம் செய்தான்? படையில் வளர்ந்த கண்டிப்பு தோட்டத்தில் ஒழுங்கையும் தந்தது, மனவேதனையையும் தந்தது. இவ்வுண்மையை மறைத்து எழுதுதல் சரித்திரத்துக்கு அழகன்று.

ஆயினும் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி நியாயம் பேசுவது எமது நோக்கமன்று. சற்றே நிதானித்து நோக்கினால் இருவர் நிலையும் ஒன்றே எனக் காண்போம். ஒருவரைச் சாவகத்திலிருந்து துவக்குத் தூக்கக் கொண்டுவந்தனர்; மற்றவரைத் தமிழகத்திலிருந்து கூடை தூக்கக் கொண்டுவந்தனர். தேவை தீர்ந்ததும் முதலாமவரின் பட்டாளம் ஓர் உத்தரவாற் கலைந்தது. இரண்டாமவருக்கு அத்தகைய நாள் 1948ஆம் ஆண்டிற் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்னும் அவல நிலை நீங்க வழி பிறந்தது. சேவையைப் பெற்றுக்கொண்டவன் சேவகனை மறப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

இக்கேள்வி இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. உரோமப் பேரரசு இளைப்பாறிய வீரருக்கு நிலமளித்து ஊர்களை அமைத்தது. இரண்டாவது உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944இல், ஐக்கிய அமெரிக்கா திரும்பிவரும் சிப்பாய்களின் கல்விக்கும் வீட்டுக்கும் சட்டம் இயற்றியது. இலட்சக்கணக்கானோர் பல்கலைக்கழகப் படியை மிதிக்க அது வழிசெய்தது. ஓர் அரசு தன் வீரனை எவ்வளவு மதிக்கின்றது என்பது வெற்றி விழாவில் தெரியாது. அவனுக்குத் துவக்கில்லாத முதல் மாதத்தில் தெரியும். 1873இன் மலாயருக்கு அத்தகைய சட்டம் எதுவும் இருக்கவில்லை. தம் மொழியறிவையும் ஒழுக்கத்தையும் கொண்டு தாமே வழி தேடிக்கொண்டனர்.

தேடிய வழி வீண்போகவில்லை. அச்சமூகத்திலே கண்டி மாவட்டத்துக் கலகெதரையில் 1890இல் பிறந்த ரீ. பி. ஜாயா ஆசிரியரானார்; 1921இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்; 1947இல் சுதந்திர இலங்கையை ஆயத்தஞ் செய்த முதல் மந்திரிசபையில் அமர்ந்தார். துவக்குப் பிடித்த சமூகத்தின் கை பேனாப் பிடித்தது. நமது லயங்களிலிருந்தும் இன்று ஆசிரியரும் வைத்தியரும் எழுத்தாளரும் தோன்றியிருக்கின்றனர். இரு வழிகளுக்கும் திறவுகோல் ஒன்றே, அது கல்வி.

வள்ளுவப் பெருமான் படைக்கு இரண்டு அதிகாரம் வகுத்தார். உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இவையனைத்துக்கும் முன்னதாகவே செய்ந்நன்றி அறிதலை வைத்துவிட்டார். அந்த வரிசையில் ஒரு பாடம் உண்டென்று நாம் கருதுகின்றோம். வாலிப அன்பர்களே, உங்கள் தோட்டத்தில் மலாயக் குடும்பம் ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டு முதியவரிடம் சென்று அவருடைய பாட்டனார் எங்கிருந்து எப்படி வந்தார் என்று கேளுங்கள். பின்னர் உங்கள் பாட்டியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். கேட்டவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரட்டுக் களத்தில் எதிரெதிரே நின்ற இரு மனிதரின் பேரப்பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து அக்கொப்பியைப் படிக்கும் நாளே இச்சரித்திரம் நிறைவுறும் நாளாகும்.