*க்வெ (மூல இந்தோ-ஐரோப்பிய இடைச்சொல்)

*க்வெ: மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ‘உம்’ என்னும் பொருள் தந்த இணைப்பு இடைச்சொல். எழுத்துச் சான்று இல்லாத இது ஒப்பீட்டால் மீட்டுருவாக்கப்பட்டது. சமஸ்கிருத ‘ச’, கிரேக்க ‘தெ’, இலத்தீன் ‘க்வே’, கோத்திக் ‘ஹ்’ ஆகியவை இதன் வழித்தோன்றல்கள். ஓரசைச் சொற்களின் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. நெடிய பெயர்ச்சொல்லைவிட இடைச்சொல்லை மீட்க அதிக எச்சரிக்கை தேவை. ஆனால் இங்கே சான்று ஒலியோடு நிற்கவில்லை. நான்கு மொழிகளிலும் இது தனித்து வராமல், தமிழ் ‘உம்’ போல முன்சொல்லின் பின்னே ஒட்டுகிறது. தொடர்களை இணைக்கும்போது பெரும்பாலும் முதற்சொல்லை அடுத்து நிற்கிறது. ஒட்டுச்சொற்கள் இந்த இரண்டாம் இடத்தை நாடுவதை மொழியியலாளர் யாக்கோப் வாக்கர்நாகல் 1892இல் விளக்கினார். பொருள், இடம், ஒட்டும் இயல்பு மூன்றும் ஒருசேரத் தற்செயலாக அமைவது அரிது.

கடன் வாங்கிய சொல் என்ற மறுப்பும் நிலைக்காது. ஒவ்வொரு மொழியிலும் இதன் ஒலி அம்மொழியின் பொது விதிப்படியே மாறியிருக்கிறது. சமஸ்கிருதச் சகரம், தன்னை அடுத்து நின்று பின்னர் அகரமாகிவிட்ட பழைய எகரத்தின் தடயம். கிரேக்கத் தகரமும் முன்பு ‘க்வ’ ஒலியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒலிவிதிகள் கூறின. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி எழுத்தின் புதிரை அவிழ்த்தபின், அவ்வெழுத்தில் பழைய கிரேக்கம் எழுதப்பட்ட மைசீனியக் களிமண் பலகைகளில் அதே பொருளில், அதே இடத்தில் ‘க்வெ’ வாசிக்கப்பட்டது.