ஆளுநர் மாளிகையில் தேனிலவு

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோர ரயில் கல்கிசையை நெருங்கும்போது, கடலை ஒட்டிய பாறை முனையில் ஒரு வெள்ளை மாளிகை தெரியும். அதுதான் மவுண்ட் லவினியா ஹோட்டல். தேனிலவுக்கு வரும் இளசுகள், திருமண நாளைக் கொண்டாட வரும் நடுவயதினர், பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் கடற்காற்று வாங்க வருபவர்கள் என்று இங்கே தங்குவோரில் பெரும்பாலும் சோடிகளையே பார்க்கலாம். வெயில் தாழ்ந்ததும் திறந்த முற்றத்து நாற்காலிகள் நிறைந்துவிடும். மேற்கே சூரியன் இறங்க, வடக்கே கொழும்பின் உயர்ந்த கட்டடங்களில் விளக்குகள் ஏறத் தொடங்கும்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு காதல் கதை சொல்லப்படும். 1805இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தவர் சர் தாமஸ் மெயிட்லண்ட். அவருக்கு அளித்த வரவேற்பில் லவினியா என்ற பெண் ஆடினாள். அவள் தந்தை ரொடியா சமூகத்தவர், தாய்வழியில் போர்த்துக்கேய ரத்தம். ஆளுநர் மனதைப் பறிகொடுத்தார். கல்கிசையில் வீடு கட்டி, அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து தன் மதுக்கிடங்கு வரை சுரங்கம் வெட்டினார். இரவுகளில் அவள் அதன் வழியே வந்துபோனாள்.

கதையில் எவ்வளவு நிசம் என்று நிறுவ ஆவணம் போதாது. மெயிட்லண்ட் கல்கிசையில் வீடு கட்டியதும், மணம் செய்யாமலே 1824இல் மால்டாவில் இறந்ததும் வரலாறு. சுரங்கம் செவிவழிச் செய்தி. ரொடியா மக்கள் பட்ட பாடு மட்டும் கதையை விடக் கொடியது. சிங்களச் சாதி அடுக்கின் கடைசியில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். கண்டி ராச்சியத்தில் ரொடியாப் பெண்கள் இடுப்புக்கு மேல் துணி உடுத்தவும் தடை இருந்தது. தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சமூகத்துப் பெண், ஊரறிய நுழைய முடியாத வீட்டுக்கு நிலத்தடியில் வந்தாள் என்கிறது கதை. அதில் அவள் ஆடுகிறாள், வருகிறாள், போகிறாள். ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஹோட்டலின் மிகப் பெரிய சொத்தாகிவிட்ட இந்தக் கதையை வெறும் இனிப்பாகச் சொல்வது அவளுக்குச் செய்யும் அநீதி.

இன்றைய மாளிகைக்கு உருவம் கொடுத்தவர் பின்னால் வந்த எட்வர்ட் பார்ன்ஸ். கொழும்பு–கண்டி வீதியைப் போட்ட அதே ஆளுநர். 1820களில் அவர் இங்கே எழுப்பிய ஆடம்பர மாளிகையை லண்டன் ரசிக்கவில்லை. 1842இல் அது விற்பனைக்குப் போனது. 1877இல் கரையோர ரயில் பாதை வந்த பிறகு மாளிகை ஹோட்டல் ஆனது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்கு மருத்துவமனையாக இருந்தது. 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் வரும் மருத்துவமனையும் இதுதான்.

மெயிட்லண்ட் விட்டுச்சென்ற இன்னொன்றைப் பற்றி முற்றத்தில் யாரும் பேசுவதில்லை. வடக்கின் தமிழ்க் குடும்பங்களை இன்றும் தொடுவது அதுதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளை டச்சுக்காலத்தில், 1706–07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தார். 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டார்கள். தேசவழமை எனப்படும் அந்தத் தொகுப்புக்கு முழுச் சட்ட வலு கொடுத்தது 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி. அப்போது ஆளுநர் மெயிட்லண்ட்தான். அவர் கல்கிசையில் குடியேறிய காலமும் ஏறக்குறைய அதுவே. மனைவி கொண்டுவரும் சீதனம், கணவனுக்குப் பரம்பரையாக வரும் முதுசம், இருவரும் வாழும் காலத்தில் சேர்க்கும் தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் சட்டம் அது. கலியாணமே செய்யாத ஒருவரின் ஆட்சியில் கணவன் மனைவி கணக்கு சட்டமானது.

1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் பலவற்றை மாற்றின. இருந்தும் ஒன்று மாறாமல் நிற்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியை, அது அவளுடைய சீதனக் காணியாகவே இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. இல்லையென்றால் நீதிமன்றம் போய் அனுமதி வாங்க வேண்டும். கணவன் தன் தனிச் சொத்தை விற்க மனைவியின் கையெழுத்து தேவையில்லை. சீதனக் காணிக்குச் சொந்தக்காரியின் கையெழுத்தே போதும் என்று அந்த விதியை உடனே திருத்த வேண்டும்.