விளிம்பைத் தேடிய ஒளி: தலை-கழுத்துப் புற்றுநோய் அறுவையில் உடனொளிர்வு

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வளர்ந்த புற்றை அகற்றும் அறுவை மருத்துவர் இரண்டு அச்சங்களுக்கு நடுவே நிற்கிறார். குறைவாக வெட்டினால் நோய் திரும்பும். மிகுதியாக வெட்டினால் பேச்சும் விழுங்கும் ஆற்றலும் குன்றும். புற்றுக்கும் வெட்டு விளிம்புக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் நலமான திசு வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அந்த எல்லையை நெடுங்காலம் கண்ணும் விரலுமே தீர்மானித்தன. அதை ஒளியால் வரைய முயன்ற வரலாறு ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது.

உடனொளிர்வு என்னும் நிகழ்வுக்கு 1852இல் பெயரிட்டவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளோரசீன் சாயத்தைத் தொகுத்தார். 1924இல் பிரான்சின் லியோன் நகரில் பொலிகார், புற ஊதா ஒளியில் கட்டிகள் செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டார்; அதற்குக் காரணம் போர்ஃபிரின். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் மூர், மூளைக் கட்டிகளை அடையாளம் காண ஃபுளோரசீனைப் பயன்படுத்தினார்.

ஆயினும் ஃபுளோரசீன் புற்றுச் செல்லை அறிவதில்லை. குருதிக்குழாய் கசியும் இடத்தில் தேங்குகிறது, அவ்வளவே. ஆகவே அழற்சியும் ஒளிரும். மேலும், கட்புலனாகும் ஒளியைக் குருதி பெரிதும் உறிஞ்சிவிடும். அண்மை அகச்சிவப்பு ஒளியோ திசுவினுள் சற்று ஆழமாகச் செல்லும். அமெரிக்காவில் 1959இல் ஒப்புதல் பெற்ற இண்டோசயனின் கிரீன் இவ்விரண்டாம் தடையை நீக்கியது. முதல் தடை நீடித்தது.

இதனிடையே பொலிகார் கண்ட செந்நிறம் மீண்டும் அறுவை அரங்குக்கு வந்தது. 5-அமினோலெவுலினிக் அமிலத்தை அருந்திய நோயாளியின் மூளைக் கட்டியில் போர்ஃபிரின் சேர்கிறது. நீல ஒளியில் அது சிவந்து தெரிகிறது. ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மர் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கட்டி முழுமையாக அகற்றப்பட்டோர் 65 விழுக்காடு. வழக்கமான முறையில் 36 விழுக்காடு. ஆனால் மொத்த வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

தலை-கழுத்துப் புற்றுக்கான திருப்பம் ஒரு சிகிச்சை மருந்திலிருந்து பிறந்தது. இவ்வகைச் செதிள் செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் மேற்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி மிகுந்திருக்கும். அதைப் பற்றும் செடுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருளுடன் ஈபன் ரோசெந்தால் குழுவினர் அகச்சிவப்புச் சாயத்தைப் பிணைத்து, அறுவைக்குச் சில நாள் முன்பே நோயாளிகளுக்குச் செலுத்தினர். மனிதர்களிடம் நடந்த இந்த முதல் ஆய்வு 2015இல் வெளியானது. சாயம் தேங்கும் இடத்தைக் காட்டுவதிலிருந்து, செல்லின் அடையாளத்தைக் காட்டுவதற்கு நகர்ந்த தருணம் அது.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அதே ஏற்பி நலமான சளிச்சவ்விலும் உண்டு; எனவே பின்னணியும் ஓரளவு ஒளிரும். புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றைப் பெருக்கியுள்ள இந்தியாவுக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள ஒன்றன்று. இங்கு கேட்க வேண்டிய கேள்வியை 2006ஆம் ஆண்டின் ஆய்வே விட்டுச்சென்றிருக்கிறது: தெளிவாகக் கண்டதனால் நோயாளி நெடுநாள் வாழ்ந்தாரா, நாவின் எஞ்சிய பகுதியால் பேசினாரா? ஒளிரும் படம் அதற்கு விடையாகாது. ஆண்டுகள் கடந்த பின்தொடர்தலே விடையாகும்.