குளிர்சாதனப் பெட்டி பழுதடைந்தால் இன்சுலினைப் பாதுகாப்பது எப்படி?

இன்சுலின் ஒரு புரதம். வெப்பம் மிகுந்தால் அது சிறிது சிறிதாக வீரியத்தை இழக்கும். உறைந்துவிட்டால் மீட்க இயலாதவாறு கெட்டுவிடும். ஆகவே, இன்சுலின் செலுத்திக்கொள்பவர் உள்ள வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஏற்படும் பழுது, சிகிச்சையையும் பாதிக்கக்கூடியது. பெட்டி பழுதடைந்ததும் மருந்தைக் காப்பது, பழுதின் காரணத்தை வீட்டிலேயே கண்டறிவது, மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று முடிவு செய்வது ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• முதலில் மருந்தைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பெட்டியை அதன் பிறகு சோதியுங்கள்.
• பெட்டி பழுதடைந்தது என்பதற்காக இன்சுலின் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.
• குளிர்ச்சி குறைவதைவிட, உறையும் அளவுக்குக் குளிர்ச்சி மிகுவதே இன்சுலினுக்குப் பெருங்கேடு. உறைந்த இன்சுலினை, அது உருகிய பின்னரும் பயன்படுத்தக் கூடாது.

இன்சுலினுக்கு ஏற்ற வெப்பநிலை

திறக்கப்படாத இன்சுலின் குப்பி, பேனா, கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் வைக்க வேண்டும். அவ்வாறு வைத்தால், உறையில் அச்சிடப்பட்டுள்ள காலாவதி நாள் வரை அவற்றைப் பயன்படுத்தலாம்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினுக்கு விதி வேறு. பெரும்பாலான வகைகளைத் திறந்த பின், 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாள்கள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மருந்துக்குரிய சரியான அளவையும் நாள் கணக்கையும் அதனுடன் வரும் தகவல் தாளில் காணலாம்.

எனவே, சில மணி நேரம் மின்சாரம் தடைப்படுவதால் மட்டும் இன்சுலின் கெட்டுவிடுவதில்லை. திறக்கப்படாத சில வகை மனித இன்சுலின்கள் 25 டிகிரி வரை ஆறு மாதங்களும், 37 டிகிரி வரை இரண்டு மாதங்களும் குறிப்பிடத்தக்க வீரிய இழப்பின்றி இருக்கக்கூடும் என்று 2023ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பழுது ஏற்பட்டவுடன் பதற்றத்தில் மருந்தை எறிந்துவிட வேண்டாம் என்பதற்காகவே இது இங்கு குறிப்பிடப்படுகிறது. வழக்கமாக மருந்தை வைக்கும் முறையை இதைக் கொண்டு மாற்றிக்கொள்ளக் கூடாது.

பழுது தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

1. மின்தடை மட்டும் எனில், கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தக்கவைக்கும்.
2. மின்சாரம் இருந்தும் பெட்டி குளிரவில்லை எனில், கதவை ஒரே முறை திறந்து மருந்துகள் அனைத்தையும் எடுத்து, அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள்.
3. பெட்டிக்குள் தண்ணீரோ காய்கறியோ உறைந்திருந்தால், இன்சுலினை உடனே வெளியே எடுத்துத் தனியே வைத்து, அதுவும் உறைந்துள்ளதா என்று பாருங்கள்.
4. பழுதை அறிந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரோ மருந்தாளுநரோ முடிவு சொல்ல இக்குறிப்பு உதவும்.

பெட்டியைச் சோதிக்கும் முறை

உள்விளக்கு எரியவில்லை எனில்

மின்சாரம் பெட்டிக்கு வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பிளக் சரியாகப் பொருந்தியுள்ளதா, சுவிட்ச் போடப்பட்டுள்ளதா, எம்.சி.பி. விழுந்துள்ளதா என்று பாருங்கள். வேறொரு கருவியை அதே பிளக்கில் செருகிப் பார்த்தால், குறை பிளக்கிலா பெட்டியிலா என்பது தெரிந்துவிடும். எம்.சி.பி. மீண்டும் மீண்டும் விழுந்தால் அதை வலிந்து போடாதீர்கள்; மின்பணியாளரை அழையுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் விளக்கைக் கவனியுங்கள். மின்னழுத்தம் மிகக் குறைந்தாலோ மிகக் கூடினாலோ அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்னழுத்தம் சீரானதும் சில நிமிடங்கள் கழித்தே மீண்டும் இணைக்கும்.

விளக்கு எரிந்தும் குளிர்ச்சி இல்லை எனில்

• வெப்பநிலைத் திருகு பூஜ்யத்திலோ மிகக் குறைந்த எண்ணிலோ உள்ளதா என்று பாருங்கள்.
• ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் திருகின் நடுவே பனிநீக்கும் பொத்தான் இருக்கும். அது தவறுதலாக அழுந்தியிருந்தால், பனி உருகும் வரை கம்ப்ரசர் இயங்காது. இது பழுதன்று.
• ஃப்ரீசரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்திருந்தால், பெட்டியை நிறுத்திப் பனியைத் தானாக உருகவிடுங்கள். கத்தியாலோ கரண்டியாலோ சுரண்டக் கூடாது.
• கதவின் ரப்பர் பட்டையைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் வந்துவிட்டால் குளிர்ச்சி அவ்வழியே கசிகிறது. பட்டையைச் சோப்பு நீரால் துடைத்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.
• பெட்டி சுவரை ஒட்டி இருந்தாலோ, பின்புறக் கம்பிச் சுருளில் தூசு படிந்திருந்தாலோ வெப்பம் வெளியேறாது. பிளக்கைக் கழற்றிய பின் தூசைத் துடைத்து, பெட்டியைச் சிறிது முன்னே நகர்த்துங்கள்.
• பொருள்களை நெருக்கி அடுக்கியிருந்தால் குளிர்காற்று பரவாது. காற்றுத் துளைகளுக்கு முன்னால் உள்ளவற்றை விலக்குங்கள்.

பெட்டியை நிறுத்திய பின் மீண்டும் போடுவதற்கு முன் ஐந்து நிமிடங்களாவது காத்திருக்க வேண்டும். உடனே போட்டால் கம்ப்ரசர் பாதிக்கப்படலாம்.

குளிர்ச்சி மிகுந்துவிட்டால்

இப்பழுது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. பெட்டி நன்றாக வேலை செய்வதாகவே தோன்றும். நடுத்தட்டில் உள்ள தண்ணீர் உறைவதும், கீரை விறைத்துப்போவதும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதும் இதன் அடையாளங்கள். கோடையில் உயர்த்தி வைத்த திருகை மழைக்காலத்தில் குறைக்க மறந்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். குறைத்த பின்னரும் உறைதல் தொடர்ந்தால், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கக்கூடும். அது சரிசெய்யப்படும் வரை இன்சுலினை அப்பெட்டியில் வைக்காதீர்கள்.

பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டியவை

கம்ப்ரசர் சில நொடிகள் முனகிவிட்டுச் சொடுக்கொலியுடன் நின்றுபோதல், தொட்டால் மின்னதிர்ச்சி, கருகிய வாடை, வாயுக் கசிவு ஆகியவற்றை நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள். அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஆர்600ஏ எனும், எளிதில் தீப்பற்றும் வாயு பயன்படுத்தப்படுகிறது. கசிவு என ஐயுற்றால் அடுப்பையும் விளக்கையும் ஏற்றாமல், சுவிட்சுகளை இயக்காமல், சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

பெட்டி சரியாகும் வரை

அண்டை வீட்டு உதவி கிடைக்காதபோது மண்பானையைப் பயன்படுத்தலாம். அகன்ற மண்சட்டியில் ஈரமணலைப் பரப்பி, அதன்மேல் சிறிய மண்பானையை வைத்து, இரண்டிற்கும் இடையிலும் ஈரமணலை நிரப்புங்கள். இன்சுலினை நீர் புகாத நெகிழிப் பையில் கட்டிப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். மணல் காயாதவாறு காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இக்குளிர்ச்சி சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பனிக்கட்டியைப் பயன்படுத்தினால் அதைத் தடித்த துண்டில் சுற்றி, மருந்தின் மீது நேரடியாகப் படாதவாறு வையுங்கள். சமையலறை, சன்னலோரம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்பகுதி, வெயிலில் நிறுத்திய வண்டி ஆகிய இடங்களில் இன்சுலினை வைக்கக் கூடாது.

இந்த இன்சுலினைப் பயன்படுத்தலாமா?

• தெளிந்த நீர்போல் இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.
• பால்போல் இருக்க வேண்டிய கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டுங்கள். சீராகக் கலக்காமல் கட்டிகளோ திரிகளோ தெரிந்தாலும், குப்பியின் உட்புறம் வெண்மையாகப் படிந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.
• உறைந்தது உறுதியானால் அல்லது உறைந்திருக்கும் என ஐயுற்றால், தோற்றம் எப்படி இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.
• குளிர்ச்சி இழந்த, திறக்கப்படாத குப்பியின் மீது அந்த நாளைக் குறித்து, அதை முதலில் பயன்படுத்துங்கள். மீண்டும் குளிரவைப்பதால் இழந்த வீரியம் திரும்பாது. அதை எத்தனை நாள் வரை பயன்படுத்தலாம் என மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

வீரியம் குறைந்த இன்சுலின் பார்வைக்கு மாறாமலே இருக்கலாம். ஆகவே, பழுதுக்குப் பிந்தைய நாள்களில் இரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள். உணவிலும் மருந்தளவிலும் மாற்றமின்றி அளவு தொடர்ந்து உயர்ந்தால் புதிய குப்பிக்கு மாறுங்கள். பழைய மருந்தின் அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள்: கூட்டிய அதே அளவைப் பிறகு வீரியமுள்ள புதிய குப்பியிலிருந்து செலுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

கைவசம் ஐயத்திற்குரிய குப்பி ஒன்றே இருந்தால், ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல், அன்றே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மருத்துவமனையையோ அணுகுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு இது மிக மிக இன்றியமையாதது. அவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை அல்லது மிகச் சிறிதளவே சுரக்கிறது.

உடனடி மருத்துவ உதவி

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழவாடை, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவை இன்சுலின் போதாமையால் இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். இவை தோன்றினால் தாமதமின்றி 108 அவசர ஊர்தியை அழையுங்கள். தமிழ்நாட்டில் பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

பிற மருந்துகள்

சிறுநீரக நோயாளிகளுக்கான எரித்ரோபாய்ட்டின் ஊசி, சில கண் சொட்டு மருந்துகள், நீர் கலந்து தயாரித்த சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியவற்றுக்கும் குளிர்ச்சி தேவை. இவற்றின் விதிகள் இன்சுலினின் விதிகளிலிருந்து வேறுபடும். ஒவ்வொன்றையும் பற்றி மருந்தாளுநரிடம் தனித்தனியே கேட்டறியுங்கள்.

முன்னெச்சரிக்கை

• இன்சுலினை நடுத்தட்டில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கதவுத் தட்டு, பின்சுவரை ஒட்டிய பகுதி, ஃப்ரீசருக்கு நேர்கீழே உள்ள தட்டு ஆகியவற்றைத் தவிருங்கள்.
• ஒரு குவளை நீரில் வெப்பமானியை வைத்து, நடுத்தட்டில் ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்குமாறு திருகை அமைத்துக்கொள்ளுங்கள்.
• திறந்த நாளை ஒவ்வொரு குப்பியின் மீதும் எழுதுங்கள்.
• அவசரத்தில் மருந்தை வைக்க யார் வீட்டைக் கேட்பது என்பதை முன்னதாகவே முடிவு செய்து, அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். மருந்தின் வகையையோ அளவையோ மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.